ரசிகனுக்கு நுழைவுத் தேர்வு எதற்கு?

கேள்வி: ராக் இசைப் பிரியர்களான நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடிப் பேசுகிறோம். சமீபகாலமாக இசையைப் பற்றிய பேச்சே குறைந்துவிட்டது. 'இந்தப் பாட்டை முதலில் எங்கே கேட்டேன் தெரியுமா?' என்று ஆளாளுக்குச் சொந்தக் கதை சொல்கிறார்கள். போன மாதம் கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் வந்தான். நிர்வாணா குழுவின் ஒரே ஒரு ஆல்பம்தான் கேட்டிருக்கிறான். அதுவும் அக்காவின் கைப்பேசியில். அவனும் கால் மணி நேரம் பேசினான். முறையாகக் கேட்டுத் தேர்ந்தவர்கள் மட்டும் பேசலாம் என்று ஒரு விதி வைத்தால் என்ன? நினைவுகளை நம்பி இசையை எடைபோட முடியுமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: வைக்காதீர்கள். வைத்தால் உங்கள் கூட்டத்தில் மிஞ்சப் போவது நீங்களும் உங்கள் ஒலித்தட்டு அலமாரியும்தான்.

அந்தப் பையன் கேட்ட ஆல்பத்தையே எடுத்துக்கொள்வோம். 1991-இல் வெளிவந்த 'நெவர்மைண்ட்' என்றே வைத்துக்கொள்கிறேன். பெரும்பாலானவர்கள் நிர்வாணாவுக்குள் நுழைவது அந்த வாசல் வழியாகத்தான். அதன் முதல் பாட்டு அடங்கிய குரலில் நடந்து, பல்லவியில் திடீரென்று வெடிக்கும். பிக்ஸீஸ் என்ற குழுவின் மேலிருந்த பித்தில், அவர்களைக் காப்பியடிக்கத்தான் முயன்றேன் என்று அந்தப் பாட்டைப் பற்றி நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன் வெளிப்படையாகச் சொன்னார். தொடக்கத்தில் வரும் அந்த டிரம்ஸ் அடி, கேப் பேண்ட் போன்ற டிஸ்கோ, ஃபங்க் குழுக்களிடமிருந்து எடுத்தது என்று குழுவின் டிரம்ஸ் கலைஞர் டேவ் க்ரோல் சொல்லியிருக்கிறார். உலகத்தையே உலுக்கிய ஒரு ராக் பாட்டு, இரண்டு ரசிகர்களின் சொந்த ரசனையில் விளைந்தது.

இன்னும் ஒன்று. 1993 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் நிர்வாணா தொலைக்காட்சிக்காக ஒரு கச்சேரி செய்தது. பெரிய வெற்றிப் பாட்டுகளை வரிசையாகப் பாடிவிட்டுப் போயிருக்கலாம். கோபேன் அப்படிச் செய்யவில்லை. பாடிய 14 பாட்டுகளில் 6 பிறருடையவை. டேவிட் போவி, லெட் பெல்லி ஆகியோரின் பாட்டுகளும் அதில் உண்டு. ஊருக்கு அவ்வளவாகத் தெரியாத மீட் பப்பெட்ஸ் குழுவின் சகோதரர்கள் இருவரையும் மேடைக்கே அழைத்து, அவர்களுடைய மூன்று பாட்டுகளை அவர்களையே வாசிக்கவைத்துப் பாடினார். 'எனக்குப் பிடித்தது இது, நீங்களும் கேளுங்கள்' என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. உங்கள் நண்பர்கள் மாதம் ஒருமுறை செய்வதும் அதேதான். அடுத்த ஏப்ரலில் கோபேன் இறந்துபோனார். அந்தக் கச்சேரியின் பதிவைக் கேட்டுவிட்டு மீட் பப்பெட்ஸைத் தேடிப் போனவர்கள் ஏராளம். எந்தத் தேர்வில் தேறி அவர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்?

ரசிகர்களின் சொந்தக் கதைக்கு என்ன மதிப்பு என்று கேட்கிறீர்கள். வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற நியூயார்க் குழுவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1967-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் கடையில் விலைபோகவில்லை. இன்று ராக் வரலாற்றை அதைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. 1969-இல் சட்டம் படித்த இளைஞர் ஒருவர், ராபர்ட் குவைன், கையடக்கமான கேசட் ரிக்கார்டரை எடுத்துக்கொண்டு சான் ஃபிரான்சிஸ்கோவில் அவர்களுடைய கச்சேரிகளுக்குத் தொடர்ந்து போனார். பிடித்திருந்தது, பதிவு செய்தார், அவ்வளவுதான். ஒரே பாட்டை அரை மணி நேரத்துக்கும் மேலாக வாசித்த இரவுகள் அந்த நாடாக்களில் இருக்கின்றன. ஆல்பத்தில் அகப்படாத அந்தக் குழு, மேடையில் எப்படி மூச்சுவிட்டது என்பதை நாம் அறிவது அவரால்தான். அந்த ஒலிநாடாக்கள் 2001-இல் மூன்று குறுந்தகடுகளாக அதிகாரபூர்வமாகவே வெளிவந்தன. அதற்கு முன்பே குவைன் கிதார் கலைஞராகி, 1982-இல் வெல்வெட் அண்டர்கிரவுண்டின் பாடகர் லூ ரீடின் ஆல்பத்தில் அவருக்குப் பக்கத்திலேயே வாசித்துவிட்டார்.

லூ ரீட் அந்தக் குழுவோடு பாடிய கடைசி இரவும், 1970 ஆகஸ்ட் 23, இப்படித்தான் தப்பியது. நியூயார்க்கில் ஒரு மதுக்கூடத்து மாடி. பார்வையாளராக வந்திருந்த பிரிஜிட் போல்க் மேசைமேல் வைத்த சாதாரண கேசட் ரிக்கார்டர். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே யாரோ மது கொண்டுவரச் சொல்லும் குரல் தெளிவாகக் கேட்கிறது. ஜிம் கரோல் என்ற இளங்கவிஞரின் குரல் அது. ஒலித்தரம் சுமார்தான். ஆனால் அந்த மாடியில் எத்தனை பேர் கவனித்தார்கள், எத்தனை பேர் பேசிக்கொண்டே இருந்தார்கள் என்பதை அந்தச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. எந்த விமர்சகரின் கட்டுரையிலும் இது கிடைக்காது. நம் கர்நாடக இசை ரசிகர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பழைய வித்வான்களின் எத்தனையோ கச்சேரிகள் ரசிகர்களின் வீட்டு ஸ்பூல் டேப்பில் அல்லவா பிழைத்துக் கிடந்தன?

இதை முழுமையாகப் புரிந்துகொண்ட குழு கலிஃபோர்னியாவின் கிரேட்ஃபுல் டெட். ஒரே பாட்டை ஓர் இரவு வாசித்தது போல மறு இரவு வாசிக்க மாட்டார்கள். அதனால் ரசிகர்கள் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். 1984-இல் குழுவே அவர்களுக்கென்று அரங்கில், ஒலிக்கட்டுப்பாட்டு மேசைக்குப் பின்னால், தனி இடம் ஒதுக்கியது. காட்டுமரங்களைப் போல மைக் கம்பங்கள் நிற்கும். நாடாக்களை விற்கக் கூடாது, பரிமாறிக்கொள்ளலாம் என்பது ஊரறிந்த கட்டுப்பாடு. வெற்றுக் கேசட்டும் தபால் தலையும் அனுப்பினால், முன்பின் தெரியாதவர் பதிவு செய்து திருப்பி அனுப்புவார். 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடத்தில் முடிந்துவிடும். குழுவின் ஜெர்ரி கார்சியாவின் கிதார் உச்சத்தைத் தொடும் நேரத்தில் 'டக்' என்று அறுந்து, சில நொடிகள் தொலைந்து, மறுபக்கத்தில் தொடரும். அந்த வெட்டு எந்த இடத்தில் விழுந்தது என்பதைக்கூட மனப்பாடமாகச் சொல்லும் ரசிகர்கள் உண்டு. இது சொந்தக் கதையா, இசை அறிவா? இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை. பிரிக்க விருப்பமும் இல்லை.

1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் அவர்கள் வாசித்த கச்சேரி, 2011-ஆம் ஆண்டுக்கான தேர்வில் காலத்துக்கும் காக்க வேண்டிய பதிவுகளுக்கான அமெரிக்க தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம்பெற்றது. அது அவ்வளவு பேர் வாங்கியதற்குக் குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேண்டர்-ஜாக்சனின் துல்லியமான பதிவும் ஒரு காரணம். அதைவிட நல்ல இரவுகள் உண்டு, அவற்றின் நாடா மட்டம் என்று வாதாடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த வாதத்தைத் தீர்க்க, அங்கே போய்க் கேட்டவர்களின் நினைவைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

இந்த அருமையான கூட்டத்திலும் உங்கள் விதியைக் கொண்டுவரப் பார்த்தார்கள் என்பதுதான் வேதனை. 1987-இல் 'டச் ஆஃப் கிரே' என்ற பாட்டு அமெரிக்கத் தரவரிசையில் 9-ஆம் இடத்துக்குப் போனது. குழு தொடங்கி 22 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த ஒரே பெரிய வெற்றி. புதிய இளைஞர்கள் திரண்டார்கள். பழையவர்கள் அவர்களுக்கு 'டச்ஹெட்' என்று பெயர் வைத்து ஒதுக்கினார்கள். டிக்கெட் இல்லாமல் அரங்கத்து வாசலில் கூட்டம் நெரித்தது உண்மை, தகராறுகளும் நடந்தன. அந்தக் குறை நியாயமானதே. ஆனால் தாமதமாக வந்தவன் ரசிகனே அல்ல என்பது என்ன நியாயம்? 1995 ஆகஸ்டில் கார்சியா காலமானார், குழுவும் முடிவுக்கு வந்தது. 87-இல் வந்தவர்களுக்குக் கிடைத்தது எட்டே ஆண்டுகள். அன்று ஏளனம் செய்யப்பட்ட அவர்களும் இன்று அந்தக் குழுவை நேரில் கேட்ட மூத்த தலைமுறைதான்.

நினைவை நம்பலாமா என்ற உங்கள் கடைசிக் கேள்வி நல்ல கேள்வி. முழுதாக நம்பக் கூடாது. 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் ஒரு சிறிய அரங்கில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் ராக் குழுவினர் வாசித்தார்கள். வந்தவர்கள் சில பத்துப் பேர். பிற்காலத்தில் 'நானும் அங்கே இருந்தேன்' என்றவர்களை எண்ணினால் அரங்கம் கொள்ளாது. ஆனாலும் அங்கிருந்த பீட்டர் ஹூக், மறுநாளே பேஸ் கிதார் வாங்கியதாகச் சொல்கிறார். அவரும் உடன் வந்த பெர்னார்ட் சம்னரும் பிறகு ஜாய் டிவிஷன் குழுவில் இருந்தார்கள். பின்னாளில் ஸ்மித்ஸ் குழுவின் பாடகரான மாரிசி, அப்போது 17 வயதுப் பையன், அந்தக் கச்சேரியைப் பற்றி இசை வார இதழ் ஒன்றுக்கு 1976-லேயே வாசகர் கடிதம் எழுதினார். அச்சில் இருப்பதால் அவர் இருந்தார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

ஆகவே நண்பர்களைப் பேச விடுங்கள். ஆனால் விட்டுவிடாமல் கேளுங்கள். எந்தப் பாட்டு, எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாய், கிதாரா குரலா, இப்போது கேட்டாலும் அங்கேயே நிமிர்கிறாயா? 'அந்தக் காலம் போல வருமா' என்று மட்டும் சொல்கிறவருக்கு இங்கே பதில் இருக்காது. உங்கள் எரிச்சல் அவர்மேல் என்றால் அதில் நானும் பங்கு கொள்கிறேன். கைப்பேசியில் கேட்டவனுக்குப் பதில் இருக்கும். பேஸ் கிதார் அதில் சரியாகக் கேட்டிருக்காது என்பதால், யாராவது ஒரு நல்ல ஹெட்ஃபோனை அவனுக்கு இரவல் கொடுங்கள்.

அவர்கள் சொல்வதை எழுதியும் வாங்குங்கள். ஆண்டு, இடம், பாட்டு, கூட இருந்தவர் எல்லாவற்றோடும். எங்களுக்கு அனுப்பினால் வரும் இதழ்களில் பக்கம் ஒதுக்குகிறேன். 'தலைசிறந்த பத்துக் குழுக்கள்' பட்டியல் மட்டும் வேண்டாம்.