ஸ்பாட்டிஃபையில் ஒரு பைசாகூட வராதது ஏன்?

வணக்கம் நண்பரே. ஆறு பாட்டை ஸ்பாட்டிஃபையில் ஏற்றி எட்டு மாதமாகியும் ஒரு பைசா வரவில்லை, பாட்டுக்கு 400, 500 முறை ஓடியிருக்கிறது, பாட்டை அங்கே ஏற்றித்தரும் விநியோகிப்பவர் பணத்தை அமுக்கிவிட்டாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் மேல் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 2024 முதல் அங்கே ஒரு விதி: முந்தைய 12 மாதத்தில் 1,000 முறையாவது ஓடாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டி, அதாவது அந்தப் பதிவு ஓடுவதற்கான பங்குத்தொகை, கிடையாது. பாட்டுக்குப் பாட்டு தனிக் கணக்கு. ஆறையும் கூட்டிப் பார்க்க மாட்டார்கள். கேட்பவர் 30 விநாடிக்குள் அடுத்த பாட்டுக்குத் தாண்டிவிட்டால் அது கணக்கிலேயே சேராது. புதிதாக வருபவர்களுக்கு இது அநியாயம் என்பதே என் கருத்து.

இந்தக் கோபத்தில், ‘பத்தாயிரம் ஸ்ட்ரீம் (பாட்டு ஓடும் எண்ணிக்கை) உறுதி’ என்று விற்பவர்களிடம் மட்டும் போய்விடாதீர்கள். போலி என்று தெரிந்தால் பாட்டையே எடுத்துவிடுவார்கள். அபராதமும் விநியோகிப்பவர் வழியாக உங்கள் தலையில் விழலாம்.

உங்கள் பாட்டை ஆசையாகக் கேட்கும் ஐம்பது பேர் இருந்தால்கூடப் போதும், கலைஞர்கள் ரசிகர்களுக்கு நேரடியாகப் பாட்டு விற்கும் தளமான பேண்ட்கேம்ப்பில் தொகுப்பாக விற்றுப் பாருங்கள். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும் பணப் பரிமாற்றக் கட்டணமும் போக மீதி உங்களுக்கு. குறைந்தபட்ச விலையை நீங்களே வைக்கலாம். பிடித்தவர்கள் அதற்கு மேலும் தரலாம், தருகிறார்கள். ‘பேண்ட்கேம்ப் ஃபிரைடே’ என்று அவர்கள் அறிவிக்கும் குறிப்பிட்ட சில வெள்ளிக்கிழமைகளில் அந்த 15 சதவீதத்தையும் விட்டுக்கொடுக்கிறார்கள். புதுத் தொகுப்பை அப்படியொரு நாளில் வெளியிடுங்கள்.

அப்புறம், அடுத்த பாட்டு ஸ்பாட்டிஃபையில் வெளியாவதற்குக் குறைந்தது 7 நாள் முன்பே, கலைஞர்களுக்கான அவர்களுடைய ‘ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ பக்கத்தில், அவர்கள் தொகுக்கும் பாட்டுப் பட்டியலுக்கு (பிளேலிஸ்ட்) விண்ணப்பியுங்கள். வெளியான பிறகு அந்த வழி அடைத்துவிடும்.