கல் பதிப்பவரிடம் கேளுங்கள்: மூன்று எக்ஸலண்டும் ஒரு கோணமும்

கேள்வி: மகளின் கல்யாண மோதிரத்துக்கு அரைக் கரட் வட்ட வைரம் பார்க்கிறோம். கடையில் இரண்டு கல் காட்டினார்கள். இரண்டுக்கும் ஜி.ஐ.ஏ. (அமெரிக்க இரத்தினக்கல் ஆய்வு நிறுவனம்) சான்றிதழ் உண்டு, நிறமும் தெளிவும் ஒன்றுதான். முதலாவதில் கட், பொலிஷ், சிமெட்ரி மூன்றும் எக்ஸலண்ட். இரண்டாவதில் சிமெட்ரி மட்டும் வெரி குட். முதலாவது விலை கூட. கூடக் கொடுத்து அதையே எடுக்கலாமா? சான்றிதழ் இரண்டையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, கல்லடி

பதில்: படம் அனுப்பியது நல்லதாய்ப் போச்சு தங்கச்சி. இல்லாவிட்டால் நானும் "மூன்று எக்ஸலண்டையே எடுங்கள்" என்று சொல்லியிருப்பேன்.

சிமெட்ரி என்பது பட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒழுங்காக இருக்கின்றனவா என்ற கணக்கு. வட்டக் கல்லில் 57 பட்டை. அடி முனையையும் சீவியிருந்தால் 58. மேலே நடுவில் உள்ள பெரிய பட்டை ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கலாம். அடி முனை நடுவை விட்டு விலகியிருக்கலாம். மேல் பட்டையின் கூரும் கீழ்ப் பட்டையின் கூரும் இடுப்பில், அதாவது கல்லின் மேல்பாதியும் அடிப்பாதியும் சேரும் விளிம்பில், நேருக்கு நேர் வராமல் தப்பிப் போயிருக்கலாம். வெரி குட் என்றால் இதெல்லாம் லூப் என்ற, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கண்ணாடி வைத்துத் தேடினால்தான் அகப்படும். கல்முனையில் 38 வருடமாகக் கல் பதிக்கிறேன். ஒரு எக்ஸலண்டையும் ஒரு வெரி குட்டையும் உள்ளங்கையில் வைத்து, வெறுங்கண்ணால் பிரித்துச் சொல் என்றால் நான் தோற்றுப்போவேன். உங்கள் மருமகனின் சொந்தக்காரர் யாரும் லூப் கொண்டு கல்யாணத்துக்கு வரப்போவதில்லை.

கண்ணுக்குத் தெரிவது கோணம். அதைச் சொல்ல உங்களை வாவிக்குள் இறக்க வேண்டும். சின்ன வயதில் தண்ணீருக்குள் முங்கி மேலே பார்த்திருப்பீர்கள். தலைக்கு நேரே வட்டமாக வானம் தெரியும்; அதைத் தாண்டி ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி, அடியில் கிடக்கும் மண்ணைத்தான் திருப்பிக் காட்டும். நேர் செங்குத்திலிருந்து கிட்டத்தட்ட 49 பாகைக்கு மேல் சரிந்து போகிற வெளிச்சம் தண்ணீரை விட்டு வெளியேற முடியாமல் திரும்பிவிடுகிறது. வைரத்தில் அந்த எல்லை 24 பாகை சொச்சம்தான். வாசல் அவ்வளவு சின்னது. ஆகவே அடிப்பக்கப் பட்டைகளைச் சரியான சரிவில் வெட்டினால் மேலே இருந்து போன வெளிச்சம் அடியில் முட்டி, எதிர்ப்பக்கம் முட்டி, மேலேயே திரும்பி வரும். சரிவு பிழைத்தால் அடியால் ஒழுகிவிடும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிற்குமா?

இந்தக் கணக்கை 1919இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி என்பவர் போட்டு வைத்தார்: மேல் சரிவு 34.5 பாகை, அடிச் சரிவு 40.75 பாகை, நடுப்பட்டை கல்லின் விட்டத்தில் 53 சதவீதம். இன்றைக்கு நடுப்பட்டையைக் கொஞ்சம் அகலமாகவே வெட்டுகிறார்கள், அதில் தப்பில்லை. அடிச் சரிவில்தான் நான் பிடிவாதக்காரன். அது ஒரு பாகை மாறினாலே கல்லின் முகம் மாறும். மிகவும் தட்டையாகப் போனால் நடுப்பட்டைக்குள்ளே சாம்பல் வெள்ளையாக ஒரு வளையம் தெரியும். தொழிலில் அதற்கு மீன்கண் என்று பெயர். மீன்பாடும் ஊர்க்காரர் நாம், மீன்கண் என்றால் வாங்கத்தான் ஆசை வரும், வாங்காதீர்கள். மிகவும் ஆழமாகப் போனால் நடு இருண்டு ஆணித்தலை மாதிரி நிற்கும்.

இப்போது உங்கள் படத்துக்கு வருவோம். சான்றிதழில் கல்லின் பக்கவாட்டுப் படம் ஒன்று இருக்கிறதே, அதைப் பாருங்கள். மூன்று எக்ஸலண்ட் கல்: மேல் 35.5, அடி 41.2, ஆழம் விட்டத்தில் 63 சதவீதம். மற்றது: மேல் 34.5, அடி 40.8, ஆழம் 61.5. அடி கொஞ்சம் செங்குத்தாக இருந்தால் மேல் கொஞ்சம் தட்டையாகி ஈடுகட்ட வேண்டும். முதலாவதில் இரண்டுமே செங்குத்து. எக்ஸலண்ட் என்ற கூடை பெரியது தங்கச்சி, அதன் விளிம்பில் இருக்கிறதும் எக்ஸலண்ட்தான். விட்டத்தையும் பாருங்கள்: அதே அரைக் கரட், முதலாவது 5.06 மில்லிமீற்றர், மற்றது 5.14. இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எடை வயிற்றுக்குள் போயிருக்கிறது என்று காட்டிக்கொடுக்கிறது. நானென்றால் இரண்டாவதை எடுத்து, மிச்சக் காசைப் பவுணில் போடுவேன்.

காசு கொடுக்க முதல் இரண்டையும் கடை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். உள்ளே எரியும் சின்னச் சின்ன லைட்டுக்கு உடைந்த போத்தல் துண்டும் மினுங்கும். வெயிலிலும் வேண்டாம், நிழலில் நின்று பாருங்கள். மெல்ல ஆட்டும்போது வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி ஓட வேண்டும். எங்கேயாவது ஒரு இடம் எப்படித் திருப்பினாலும் செத்துக் கிடந்தால், அந்தக் கல் வேண்டாம்.

இன்னொன்று, இடுப்பு. தொழில் பழகிய மூன்றாம் வருடம், இடுப்பு கத்தி விளிம்பு மாதிரி மெலிந்த ஒரு கல்லை மோதிரத்தில் வைத்துக் கொக்கியை அழுத்தினேன். "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஓரத்தில் எள்ளுப் பொட்டளவு உடைந்துவிட்டது. வைரத்தைக் கீறுவதுதான் கஷ்டம், உடைப்பது அல்ல. ஏழு மாதச் சம்பளம் அதற்கே போனது. சான்றிதழில் இடுப்பு மிக மெலிது என்று இருந்தால் என்னிடம் கொண்டுவராதீர்கள்.

கேள்வி: அம்மம்மாவின் ஏழுகல் தோட்டில் பட்டைகள் கோணல்மாணலாக இருக்கின்றன. ஒரு கடையில் "இது வைரமே இல்லை, தந்துவிட்டுப் புதுசு எடுங்கள்" என்றார்கள். கொடுக்கலாமா?
– வாசகர், காரைதீவு

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. கோணல் பட்டை வைரம் இல்லை என்பதற்குச் சாட்சி அல்ல. அந்தக் காலத்தில் கண்ணாலும் கையாலும் தீட்டினார்கள். எடை குறையக் கூடாது என்று கல் போன போக்கிலேயே பட்டை போட்டார்கள். நம் நாட்டு நீலக்கற்களும் இப்படித்தான், வயிறு தள்ளி ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும்.

ஆனால் மாத்தறை வைரம் என்று ஒன்று உண்டு. பெயரில்தான் வைரம், உண்மையில் நிறமில்லாத சிர்க்கோன். பழைய நகைகளில் வரும். லூப்பால் சாய்வாக உள்ளே பாருங்கள். அடிப்பட்டைகளின் கோடுகள் இரட்டையாகத் தெரிந்தால் சிர்க்கோனாக இருக்கலாம். வைரத்தில் இரட்டை தெரியாது. பட்டைகளின் விளிம்பு தேய்ந்து மழுங்கியிருந்தாலும் சந்தேகம்தான். வைரம் அப்படி இலகுவில் தேயாது. முடிவாகத் தெரிய வேண்டுமென்றால் கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையில் கொடுத்துப் பரிசோதியுங்கள். வைரம் என்று வந்தாலும் திருப்பித் தீட்டக் கொடுக்காதீர்கள். எடை போகும், அம்மம்மாவின் கல்லும் போகும்.

கேள்வி: வாங்கி ஒரு வருடம்தான், மோதிரக் கல் மங்கிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகி, ஏறாவூர்

பதில்: தேங்காய் எண்ணெய், மகள். வைரத்தில் எண்ணெய்ப் பசை நன்றாக ஒட்டும். அடிப்பக்கம் பிடித்துவிட்டால் திரும்ப வேண்டிய வெளிச்சம் ஒழுகும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் இரண்டு சொட்டு விட்டு, அரை மணித்தியாலம் ஊறவைத்து, மெதுவான பல் பிரஷ்ஷால் அடியிலிருந்து தேயுங்கள். அடி மூடிப் பதித்த பழைய நகையை மட்டும் இப்படி ஊறவைக்க வேண்டாம், உள்ளே தண்ணீர் போனால் பிறகு என்னிடம்தான் வரவேண்டும். கழுவும்போது குசினித் தொட்டியின் ஓட்டையை அடைத்துக்கொள்ளுங்கள்.