டிராஃப்டில் பெயர் வராதவர்கள்

கேள்வி: அமெரிக்க ஃபுட்பாலில், அணிகள் முறைவைத்துக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏழு சுற்று டிராஃப்ட் முடிந்த பிறகும் யாரும் எடுக்காத பையன்களை முகாமுக்குக் கூப்பிடுகிறார்களே, அது ஆள் கணக்குக்குத்தானே? நிஜமாகவே அணியில் இடம் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ஆனால் வழி மிகக் குறுகல். கோடையில் ஓர் அணி 90 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். ஆகஸ்ட் கடைசியில் அது 53 ஆகிவிட வேண்டும். 32 அணிகளையும் சேர்த்தால் ஆயிரம் பேருக்கு மேல் வெளியே போகிறார்கள். பெரிய வீரர்களின் கால் ஓய்ந்துவிடாமல் இருக்க, பயிற்சியில் ஓடுவதற்கென்றே சிலரை அழைப்பதும் உண்மைதான். ஆனாலும் 'ஆள் கணக்கு' என்ற சொல் எனக்கு வலிக்கிறது. அப்படிச் சொல்பவர்களிடம் நான் ஒரே ஒரு பந்தைத்தான் காட்டுவேன்.

2015 பிப்ரவரி 1, சீசனின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல். நியூ இங்கிலாந்து 28, சியாட்டில் 24. பந்து சியாட்டிலிடம். பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் வெற்றிப் புள்ளி தரும் கோட்டுக்கு ஒரு கெஜம்தான் பாக்கி, நேரம் அரை நிமிடம்கூட இல்லை. வலப்பக்கம் ஜெர்மெய்ன் கியர்ஸ் முன்னால், ரிக்கார்டோ லாக்கெட் அவருக்குப் பின்னால். எதிரே நியூ இங்கிலாந்தின் பிராண்டன் பிரவுனரும் மால்கம் பட்லரும். கியர்ஸ் மறித்து வழிவிட வேண்டும், லாக்கெட் உள்ளே வெட்டி ஓடிப் பந்தைப் பிடிக்க வேண்டும். பிரவுனர் கியர்ஸை நின்ற இடத்திலேயே கட்டிப்போட்டார். பட்லர் லாக்கெட்டுக்கு முன்னால் பாய்ந்து, சியாட்டிலின் ரசல் வில்சன் எறிந்த பந்தைப் பறித்துக்கொண்டார். ஆட்டம் அங்கேயே முடிந்தது. இந்த நான்கு பேரில் ஒருவரைக்கூட டிராஃப்டில் எந்த அணியும் எடுக்கவில்லை!

பட்லர் பொரித்த கோழி விற்கும் கடையில் வேலை பார்த்தவர். ஒப்பந்தம்கூட இல்லாமல், 'வந்து ஆடிக் காட்டு' என்ற அழைப்பில் போனவர். அந்த ஆட்டத்துக்கான பயிற்சியில் இதே அமைப்பில் அவர் ஓர் எட்டு தாமதமாகப் போய்த் தோற்றிருந்தார். கோச் சொன்னதை மனதில் வைத்திருந்தார், அன்று அந்த எட்டைத் தாமதிக்கவில்லை.

கேள்வி: ஏழாம் சுற்றில் எடுக்கப்படுவதைவிட எடுக்கப்படாமல் இருப்பதே மேல் என்று சிலர் சொல்கிறார்களே?

பதில்: ஓரளவு சரி. எடுக்கப்பட்டவன் அந்த அணிக்குத்தான் போக வேண்டும். எடுக்கப்படாதவனுக்கு டிராஃப்ட் முடிந்த கையோடு பல அணிகளிலிருந்து போன் வரலாம். எங்கே தன் இடத்தில் ஆள் குறைவோ, அங்கே கையெழுத்துப் போடலாம். ஒப்பந்தமும் நான்கு ஆண்டுக்குப் பதில் மூன்று. எனக்குத் தெரிந்து, போனஸ் தொகையைவிட, தன் இடத்துக்கு அங்கே எத்தனை பேர் போட்டி என்று பார்ப்பவனே புத்திசாலி.

கேள்வி: சீசனுக்கு முந்தைய ஆட்டங்களில் இவர்களை எப்படிக் கவனிப்பது?

பதில்: கடைசிக் கால் பகுதியைப் பாருங்கள். பலரும் டிவியை அணைத்துவிடும் நேரம், எனக்கு அதுதான் பிடித்த நேரம். 90 பேருக்கு எண்கள் போதாமல், ஒரே எண்ணில் இரண்டு பேர்கூட இருப்பார்கள். எதிரணிக்குப் பந்தை உதைத்து அனுப்பும்போது பந்தை விட்டுவிட்டு, உதைக்கும் அணி வரிசையின் இரு ஓரங்களிலும் நிற்பவர்களைப் பாருங்கள். சில சமயம் ஒருவனை இரண்டு பேர் தள்ளுவார்கள். தள்ளுண்டும், விழாமல், பந்தைப் பிடிக்கும் எதிரணி ஆளிடம் முதலில் போய்ச் சேருகிறானா? கோச்சுகள் அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள். எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களில் ஐந்தாவது ஆளை அணியில் வைத்திருப்பதற்கு, பல நேரம் அவன் பந்து பிடிக்கும் கையைவிட இந்த ஓட்டமே காரணமாக இருக்கும்.

கேள்வி: அணியிலிருந்து வெட்டப்பட்டால் அவ்வளவுதானா?

பதில்: இல்லை. 24 மணி நேரத்துக்குள் வேறு அணி அவனைக் கோரலாம். யாரும் கோராவிட்டால் 16 பேர் கொண்ட பயிற்சிக் குழுவில் சேர்த்துக்கொள்ளலாம், வாரச் சம்பளம் உண்டு. அதுவும் இல்லையென்றால் வீடுதான். இதேபோல டிராஃப்டில் எடுக்கப்படாத கர்ட் வார்னரை 1994-ல் கிரீன் பே முகாமிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அயோவாவில் ஒரு பலசரக்குக் கடையில், மணிக்கு ஐந்தரை டாலருக்கு ராத்திரியில் அலமாரி அடுக்கினார். அப்புறம் உள்ளரங்க ஃபுட்பால். 1999 சீசனில் செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்கு சூப்பர் பவுல் வென்று தந்தார். அடுத்த ஆகஸ்டில் வெட்டுப் பட்டியல் வரும்போது, அந்த நீண்ட பெயர் வரிசையை அவசரப்படாமல் ஒரு தடவை படித்துப் பாருங்கள். நான் ஒவ்வோர் ஆண்டும் படிக்கிறேன்.