மனசு வராத நாளில் என்ன செய்வது? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

பதினோரு வருடமாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். "மற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் தவறவே மாட்டேன், எனக்கு நானே சொல்லிக்கொண்டதைத்தான் காப்பாற்ற முடியவில்லை" என்ற புலம்பலைக் கேட்காத வாரம் கிடையாது. இங்கே கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன், பதில்களைச் சுருக்க முடியவில்லை.

அண்ணா, ராத்திரி படுக்கும்போது காலையில் எழுந்து ஐந்து கிலோமீட்டர் ஓடியே தீருவேன் என்று இருக்கிறேன். அலாரம் அடித்ததும் வேறு ஆளாகிவிடுகிறேன். என்னதான் பண்ணுவது?

வேறு ஆள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் தம்பி, விஷயமே அதுதான். ராத்திரி திட்டம் போடுகிறவருக்கு ஓடுகிற வேலை இல்லை, அதனால் வாக்கை வாரி வழங்குகிறார். காலையில் தூக்கக் கலக்கத்தோடு அதை நிறைவேற்ற வேண்டியவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருவர் கடன் வாங்க, இன்னொருவர் கட்டுகிற கதை. அந்தக் காலை ஆளுக்குக் கட்டுப்படியாகிற அளவுக்கு வாக்கைக் குறையுங்கள்: ஷூவை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டுவது, அவ்வளவுதான். தாண்டிவிட்டுத் திரும்பி வந்து படுத்தாலும் அன்றைய வாக்கு காப்பாற்றப்பட்டதாகவே கணக்கு. சிரிக்காதீர்கள், பாதி நாள் வாசல் வரை போன கால் தானாகவே ஓட ஆரம்பிக்கும். மீதி நாளில் திரும்பி வருவீர்கள், வந்தால் என்ன?

உற்சாகம் வருவதற்காக ஊக்கப் பேச்சு வீடியோக்கள் பார்க்கிறேன். பார்க்கும்போது ஏறுகிறது, முடிந்ததும் இறங்கிவிடுகிறது.

இறங்கத்தான் செய்யும். உற்சாகம் வந்த பிறகுதான் வேலை என்று நாம் நினைப்பதே தலைகீழ். மனச்சோர்வுக்கு ஒரு சிகிச்சை முறை இருக்கிறது, 1970-களில் பீட்டர் லெவின்சோன் போன்ற உளவியலாளர்கள் வளர்த்தெடுத்தது. மனநிலை சரியாகட்டும் என்று காத்திருக்காமல் சின்னச் சின்னச் செயல்களை முதலில் செய்ய வைப்பார்கள், மனநிலை பின்னால் வரும். படுக்கையை விட்டு எழவே முடியாதவர்களுக்கு உதவுகிற வழி, சோம்பல் பிடித்த நமக்கும் ஓரளவு உதவும். வீடியோ பார்ப்பதில் எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு: பார்த்ததே வேலையைச் செய்துவிட்ட மாதிரி ஒரு திருப்தியைக் கொடுத்துவிடுகிறது.

21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே சார், எனக்கு 30 நாள் ஆகியும் ஆகவில்லை.

அந்த 21 ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் சொன்னது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு தங்கள் புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது அத்தனை நாளாவது ஆகிறது என்று 1960-இல் எழுதினார். 'குறைந்தது' போய்விட்டது, முகமும் போய்விட்டது, 21 மட்டும் தங்கிவிட்டது. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. அதில் ஒரு செயல் பழக்கமாக ஆன நாட்களின் நடுமதிப்பு 66 (பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு, மீதிப் பேருக்கு அதிகம்), ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 முதல் 254 நாள் வரை கணக்கு வந்தது. ஆக, 30-இல் ஆகவில்லை என்றால் உங்களிடம் குறை ஒன்றும் இல்லை.

மூன்று நாள் விட்டுவிட்டேன். இனி என்ன, எல்லாம் போச்சு என்று இருக்கிறது.

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். ஒரு காலத்தில் தினமும் ஒரு பக்கம் எழுதி, நாட்காட்டியில் டிக் போட்டு வந்தேன். காய்ச்சலில் ஒரு நாள் விட்டுப்போனது. அந்த ஒரு கட்டம் காலியாக இருப்பதைப் பார்க்கப் பிடிக்காமல் நோட்டையே திறக்கவில்லை, நான்கு மாதம்! காய்ச்சல் எடுத்துக்கொண்டது ஒரு நாள், மற்றதெல்லாம் என் ரோஷம் எடுத்துக்கொண்டது. மேலே சொன்ன லாலி ஆய்விலேயே, இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. கனடாவில் மாணவர்களிடம் நடந்த இன்னொரு ஆய்வும் அதே 2010-இல் வெளிவந்தது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். தன்னையே திட்டிக்கொள்வது கண்டிப்பு மாதிரித் தெரிந்தாலும், திட்டு விழுகிற இடத்துக்கு யார்தான் திரும்பிப் போவார்கள்? விட்ட மூன்று நாளை ஈடுகட்டுகிறேன் என்று நாளைக்கு நான்கு மடங்கு செய்யவும் வேண்டாம். வழக்கமான அளவில் பாதி போதும்.

கைக்குழந்தை இருக்கிறது. நேரம் குறித்து வைத்தால் ஒரு நாளும் நடப்பதில்லை.

கடிகாரத்தை விட்டுவிடுங்கள் அம்மா, ஒரு நிகழ்வோடு முடிச்சுப் போடுங்கள். "குழந்தை தூங்கியதும், தொட்டிலை விட்டு நகர்ந்த கையோடு, புத்தகத்தில் இரண்டு பக்கம்." பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்து ஆராய்ந்து வருவது இதைத்தான்: 'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள், வெறும் ஆசையோடு நிற்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள். அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியதில்லை என்பதுதான் இதில் லாபம். குழந்தை தூங்காத நாளில் வாக்கும் கிடையாது, குற்ற உணர்ச்சியும் கிடையாது.

எனக்கு எதிலுமே மனசு போவதில்லை. பிடித்த விஷயத்தில்கூட.

இரண்டு வாரத்துக்கு மேலாக அநேகமாகத் தினமும் இப்படியே இருக்கிறது, தூக்கமும் பசியும் மாறியிருக்கிறது என்றால் இது வாக்கு, ஒழுங்கு சம்பந்தப்பட்ட விஷயமாக இல்லாமல் போகலாம். ஒரு மருத்துவரைப் பாருங்கள். மேலே எழுதிய யுக்திகளை வைத்து உங்களை நீங்களே அளக்காதீர்கள்.

சில வாக்குகளை விட்டுவிடலாமா? இல்லை, அதுவும் சாக்குப்போக்குதானா?

விடலாம். ஆனால் மனசு வராத நாளில் அதை முடிவு செய்யாதீர்கள், அன்றைக்கு எல்லாமே அர்த்தமற்றதாகத்தான் தோன்றும். அன்றைக்குச் சின்ன அளவில் செய்துவிட்டு, நன்றாக இருக்கிற ஒரு நாளில் உட்கார்ந்து யோசியுங்கள். நான் கிட்டார் கற்க ஆரம்பித்து இரண்டு வருடம் இழுத்தேன். ஒருநாள் நல்ல மூடில், வாசித்து முடித்த கையோடு யோசித்தபோதும் அது வேண்டாம் என்றே தோன்றியது. அடுத்த வாரம் ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டேன், இப்போது அவன் என்னைவிட நன்றாக வாசிக்கிறான்.