நெல்லையில் வீடும் மனையும்: கேள்வி பதில்

நில அளவைத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் தெரிந்தவர்களுக்காக மனை பார்க்கப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். எல்லை, தண்ணீர், பட்டா, பத்திரம் இந்த நான்கையும் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். எந்தப் பகுதியில் எவ்வளவு விலை ஏறும் என்று மட்டும் கேட்க வேண்டாம். அது எனக்குரிய வேலை அல்ல.

சென்னையிலிருந்து மாற்றலாகி வரும் ரயில்வே ஊழியர்: அண்ணாச்சி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். டவுன் பக்கம் பார்ப்பதா, பாளையங்கோட்டைப் பக்கம் பார்ப்பதா?

தம்பி, முதலில் ஊரின் அமைப்பை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நடுவே தாமிரபரணி. ஒரு கரையில் டவுன், ஜங்ஷன், பேட்டை, தச்சநல்லூர். மறுகரையில் கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டை, மேலப்பாளையம். இரண்டையும் இணைக்கிற சுலோசன முதலியார் பாலம் 1843இல் கட்டியது. நீங்கள் வேலைக்குப் போக ஜங்ஷனுக்கு வர வேண்டும். பள்ளிகள் அதிகம் இருப்பது பாளையில். ஆகவே உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் தினமும் ஆற்றைக் கடந்தே தீர வேண்டும். பிள்ளைகள் அலைவதைவிட நீங்கள் அலைவது நல்லது. பெருமாள்புரம், தியாகராஜ நகர், மகாராஜ நகர் ஆகியவை பல காலமாகக் குடியிருப்பாகவே வளர்ந்த பகுதிகள். அங்கே பாருங்கள். நான்குவழிச் சாலை அருகே வேண்டுமென்றால் கே.டி.சி. நகர்.

ஆனால் நகரின் பெயரைக் கேட்டு வாங்காதீர்கள், தெருவைப் பார்த்து வாங்குங்கள். ஒரே நகரில் முதல் தெரு மேட்டிலும் நான்காம் தெரு பழைய குளத்தங்கரைக்குக் கீழேயும் இருக்கும். நம் ஊர் நிலம் முழுவதும் கால்வாயும் குளமுமாக வகுத்து வைத்த நிலம். பழவூர் அணையிலிருந்து பாளையங்கால்வாய், அரியநாயகிபுரம் அணையிலிருந்து கோடகன் கால்வாய், சுத்தமல்லி அணையிலிருந்து நெல்லைக் கால்வாய். இவை பாய்ந்த வயல்களில்தான் இன்று பாதி நகர்கள் இருக்கின்றன. வயல் போய்விட்டது, தண்ணீர் ஓடும் சரிவான வாட்டம் போகவில்லை. வாட்டம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. இதை இன்று பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வள்ளியூரிலிருந்து: 5½ சென்ட் என்று பத்திரத்தில் இருக்கிறது. பட்டாவில் 0.02.00 என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. பட்டாவில் இருப்பது ஹெக்டேர், ஏர் கணக்கு. ஓர் ஏர் 2.47 சென்ட். இரண்டு ஏர் என்றால் 4.94 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆக உங்களிடம் 5½ சென்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு சுமார் 240 சதுர அடி குறைவாகக் கொடுக்கிறார்கள். ஓர் அறையே அதற்குள் அடங்கும். அளந்து பார்த்து, இருக்கும் அளவுக்கு மட்டும் விலை பேசுங்கள்.

முக்கூடலிலிருந்து: பஞ்சாயத்து அப்ரூவல் மனை என்கிறார்கள். வாங்கலாமா?

மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுப்பது நகர் ஊரமைப்புத் துறை. ஊராட்சித் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் அதற்கு ஈடாகாது. 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன்பே மனையாகப் பதிவான இடம் என்றால் வரன்முறைப்படுத்தும் திட்டம் ஒன்று உண்டு. வரன்முறை ஆணை கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். புதிய மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேற்பட்டது என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் வேண்டும்.

ஒன்று சொல்கிறேன். என் தங்கை மனை வாங்கியபோது நான் வேறு மாவட்டத்தில் வேலையில் இருந்தேன். முப்பது அடி ரோட்டின் மேல் மனை என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். ஊருக்கு வந்தபோது, நிலத்தின் அளவையும் எல்லையையும் காட்டும் வரைபடமான புலப்படத்தை வாங்கி அவள் வீட்டுப் பட்டாசலில் (கூடத்தில்) விரித்தேன். ரோடு இருக்க வேண்டிய இடத்தில் இரட்டைக் கோடு, நடுவில் ஓர் அம்புக்குறி. அது ஓடை. ஓடையில் செம்மண் அடித்து ரோடு என்று விற்றுவிட்டார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஓடை தன் இடத்துக்குத் திரும்பி வந்தது. அவள் சமையலறையில் இடுப்பளவு தண்ணீர். புலப்படத்தின் நகல் எடுக்க ஆகும் செலவு மிகச் சொற்பம். அதைப் பார்க்காமல் லட்சக்கணக்கில் கொடுக்காதீர்கள்.

கேட்டவர் ஊர் சொல்லவில்லை: தெற்குப் பார்த்த வாசல் ஆகுமா?

அதற்குரியவர்களிடம் கேளுங்கள். வாசலுக்கு முன்னால் தெரு உங்கள் தரையைவிட உயரமாக இருக்கிறதா என்பதை மட்டும் என்னிடம் கேளுங்கள்.

வங்கி ஊழியரான ஒரு பெண்மணி: வண்ணார்பேட்டையில் தரைத்தள வீடு ஒன்று விலைக்கு வருகிறது. 2023 வெள்ளம் இங்கே வரவே இல்லை என்று சத்தியம் செய்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது?

அம்மா, சத்தியத்தை விட்டுவிட்டுச் சுவரைப் பாருங்கள். போன வருடம் நண்பர் ஒருவருக்காக இப்படி ஒரு வீட்டைப் பார்க்கப் போனேன். புதுச் சுண்ணாம்பு வாசனை. அறை முழுவதும் ஒரே நிறம். ஆனால் சுவிட்ச் போர்டுகள் எல்லாம் என் நெஞ்சு உயரத்துக்கு மேலே இருந்தன. அவற்றுக்குக் கீழே, பழைய போர்டு இருந்த இடத்தில், சதுரமாகப் பூசி அடைத்த தடம் தெரிந்தது. குளியலறைக் கதவின் கீழ்ப்பாகம் ஊறி உப்பி, நிலையில் உரசியது. பின்பக்கம் கழிவுநீர்த் தொட்டியின் மூடியை ஒட்டி வண்டல் காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஒரு வார்த்தை கேட்காமலே தெரிந்துவிட்டது.

நீங்களும் இதைச் செய்யுங்கள். அலமாரியின் அடித்தட்டைத் திறந்து கையை உள்ளே விட்டுத் தடவுங்கள், அங்கே யாரும் வெள்ளை அடிப்பதில்லை. மோட்டார் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். பிறகு தெருமுனையில் இருக்கும் டீக்கடைக்காரர், இஸ்திரி போடுகிறவர் இருவரிடமும் தனித்தனியாக, "அந்த டிசம்பரில் தண்ணீர் எது வரை வந்தது?" என்று கேளுங்கள். "வந்ததா?" என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். "எது வரை?" என்று கேட்டால் கையால் உயரம் காட்டுவார்கள்.

சிந்துபூந்துறையிலிருந்து: மன்னிக்க வேண்டும் அண்ணாச்சி. எங்கள் தாத்தா காலத்திலிருந்து ஆற்றங்கரையில் இருக்கிறோம். 1992இல் வெள்ளம் வந்தது, 2023இல் வந்தது. முப்பது வருடத்துக்கு ஒருமுறை வருவதற்காக எங்கள் தெருவையே தீண்டக் கூடாத இடமாகப் பேசுவது நியாயமா? எங்கள் வீட்டின் மதிப்பு உங்களைப் போன்றவர்கள் பேச்சால்தான் குறைகிறது.

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. சிந்துபூந்துறைப் படித்துறையில் குளித்து வளர்ந்தவன் நான்; அந்தத் தெருவை இழிவாகப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் பிறந்ததிலிருந்து ஆற்றோடு வாழ்கிறவரும் புதிதாகக் கடன் வாங்கி வருகிறவரும் ஒன்றல்ல. பாபநாசம் அணையின் நீர்மட்டம் முழு அளவான 143 அடியை நெருங்குகிறது, மணிமுத்தாறு அணை 118ஐ நெருங்குகிறது என்று பேப்பரில் பார்த்ததும் உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்? அரிசியை மச்சில் ஏற்றுவீர்கள், பத்திரங்களைப் பையில் கட்டுவீர்கள், வயதானவர்களை உறவினர் வீட்டுக்கு அனுப்புவீர்கள். வெளியூரிலிருந்து வந்து தரைத்தளத்தில் குடியேறுகிறவருக்கு அந்த எண்களின் பொருளே தெரியாது. அவருக்காகத்தான் பேசுகிறேன்.

மேலப்பாளையத்திலிருந்து ஓர் ஆசிரியர்: ஆட்சியர் அலுவலகமே வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. புதிய பஸ் நிலையம் இருப்பதே வேய்ந்தான்குளத்தில். அரசாங்கமே குளத்தில் கட்டும்போது நடுத்தரக் குடும்பத்தை மட்டும் ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

அரசு அலுவலகம் நனைந்தால் வரிப்பணத்தில் சீர் செய்வார்கள். உங்கள் வீடு நனைந்தால் உங்கள் சேமிப்பில்தான் சீர் செய்ய வேண்டும். குளத்தில் கட்டியது சரி என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு தவறு பெரிய கட்டடமாக நிற்பதால் அதைப் பார்த்து நாமும் சின்னதாக ஒன்று செய்யலாம் என்று ஆகிவிடாது, சார்.

சிந்துபூந்துறைக்காரரே மீண்டும்: அப்படியென்றால் நாங்கள் விற்கவே கூடாதா?

தாராளமாக விற்கலாம். தண்ணீர் வந்த உயரத்தை வாங்குகிறவரிடம் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்கலாம். அவரும் தரையை உயர்த்தி, படுக்கையறையை மாடியில் வைத்துக் கட்டிக்கொள்வார். மறைத்து விற்பதைத்தான் தவறு என்கிறேன். முப்பது வருடக் கணக்கையும் விட்டுவிடுங்கள். கடனாநதியும் பச்சையாறும் நகரத்துக்கு மேலேயே ஆற்றில் கலக்கின்றன. அணையை எவ்வளவு கவனமாகத் திறந்தாலும் காட்டாற்றுக்குக் கதவு இல்லை. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததே, அதை யார் எதிர்பார்த்தார்கள்?

இந்த விவாதத்தில் இன்னும் நான்கு பேர் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். கைலாசபுரம், மீனாட்சிபுரம், உடையார்பட்டி எல்லாவற்றுக்கும் என் பதில் இதுதான். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

மூன்று பேர் ஒரே கேள்வி: பட்டா விற்பவர் பெயரில் இருந்தால் போதாதா?

போதாது. பட்டா வருவாய்த் துறை ஆவணம். உரிமையைக் காட்டுவது பத்திரம். 1980களில் நில உடைமைப் பதிவுகளை மேம்படுத்தியபோது பெயர் மாறி ஏறிய பட்டாக்களை நானே நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். பழைய மூலப் பத்திரமான தாய்ப்பத்திரத்திலிருந்து தொடர் அறுந்துபோகாமல் வர வேண்டும்.

அபுதாபியிலிருந்து: நேரில் வர முடியாது. உரிமையாளரிடமிருந்து பவர் (விற்கும் அதிகாரப் பத்திரம்) வைத்திருப்பவரிடம் வாங்கலாமா? வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது.

பவர் கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா? இறந்துவிட்டால் பவரும் அன்றோடு முடிந்தது. அவரோடு வீடியோவில் பேசுங்கள், கையில் அன்றைய செய்தித்தாளைப் பிடிக்கச் சொல்லுங்கள். வில்லங்கச் சான்றில் பதிவான நடவடிக்கை மட்டுமே தெரியும். பதியாத உயிலும் நடந்துகொண்டிருக்கும் வழக்கும் பெரும்பாலும் அதில் வராது. செலவுக்கு முத்திரை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் ஒதுக்கி வையுங்கள்.

டவுனிலிருந்து ஓர் அக்கா: ரத வீதிக்குப் பின்னால் வளவு வீடு ஒன்று பார்த்திருக்கிறோம். எல்லோரும் வேண்டாம் என்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அக்கா, எனக்கும் பிடிக்கும். தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று நேர்கோட்டில் போகிற வீட்டில் சித்திரையிலும் காற்று ஓடும். நெல்லையப்பர் கோயில் மணி அடுக்களைக்குள் கேட்கும். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் வளவு என்பது பல வீடுகள் சேர்ந்த வளாகம். அதில் நீங்கள் வாங்குவது வீட்டை மட்டுமல்ல, பொதுவானவற்றில் ஒரு பங்கையும். பொதுச்சுவர் யாருடையது, பொதுக்கிணற்றில் நீர் எடுக்கும் உரிமை உண்டா, நடை எத்தனை அடி, அதில் பைக் நிறுத்தலாமா என்பதெல்லாம் பத்திரத்தில் வார்த்தையாக இருக்க வேண்டும். "வழக்கம்போல அனுபவித்துக்கொள்ள" என்று மட்டும் எழுதியிருந்தால் பிற்பாடு சண்டை நிச்சயம். மனை யாருடையது என்பதையும் பாருங்கள். டவுனில் கோயில் மனையில் நிற்கும் வீடுகள் உண்டு. அங்கே விற்பவர் கட்டடத்தை விற்கலாம், மண்ணை விற்க முடியாது.

அடுத்தது பெண் வாரிசுகள். பூர்வீக வீடு அண்ணன் தம்பிகள் கையெழுத்தோடு வருகிறது, அக்கா தங்கைகளைக் காணோம். தமிழ்நாட்டில் 1989 திருத்தத்திலிருந்தே மகளுக்கும் பங்கு உண்டு, 2005 மத்தியச் சட்டம் அதை இன்னும் உறுதியாக்கியது. "சீர் செய்து அனுப்பிவிட்டோம்" என்ற பேச்சு நீதிமன்றத்தில் செல்லாது. அந்தப் பெண்கள் அம்பையில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும் கையெழுத்து வரட்டும், அதன் பிறகு வாங்குங்கள்.

வீட்டுக்கடன் வட்டி எந்த வங்கியில் குறைவு?

வங்கியில் கேளுங்கள்.

தாழையூத்துப் பக்கம் கரிசல் மண்ணில் கட்டலாமா?

கட்டலாம். கரிசல் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும்; சாதாரண அஸ்திவாரம் அதோடு சேர்ந்து அசையும். மண் பரிசோதனை செய்து, பொறியாளர் சொல்கிற அஸ்திவாரம் போடுங்கள். மேஸ்திரி சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

வெள்ளமே வராத இடம் எது என்று ஒரே வரியில் சொல்லுங்கள்.

ஒரே வரியில் சொல்லக்கூடியதாக இருந்தால் காலையிலிருந்து இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். இதற்கு முன் சொன்ன பதில்களைப் படியுங்கள்.

தனியாக மகளை வளர்க்கும் ஒரு செவிலியர்: அண்ணன், ரெட்டியார்பட்டி போகும் வழியில் நான்கு சென்ட் பார்த்துவிட்டேன். நாளைக்கு முன்பணம் கேட்கிறார்கள். வேறொருவர் வாங்கக் காத்திருக்கிறாராம்.

தங்கச்சி, அந்த வேறொருவர் எல்லா மனைக்கும் காத்திருக்கிறார். நாளைக்குக் கொடுக்காதீர்கள். நாளைக் காலை வெயில் ஏறுவதற்கு முன் புலப்பட நகலோடு, ஒரு மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு மனைக்குப் போங்கள். நான்கு மூலையிலும் கல் இருக்க வேண்டும். புல் மூடியிருந்தால் கொத்திப் பாருங்கள். கல்லுக்குக் கல் டேப் பிடித்து, படத்தில் இருக்கும் மீட்டரோடு ஒத்துப் பாருங்கள். மூன்று கல்தான் கிடைக்கிறது என்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி, அளந்து காட்டச் சொல்லி தாலுகா அலுவலகத்தில் மனு கொடுக்குமாறு விற்கிறவரிடம் சொல்லுங்கள். அளக்கிற அன்று பக்கத்து மனைக்காரரும் வந்து நிற்கட்டும். அந்த நாளைத் தெரிவித்தால் நானும் வருகிறேன்.