கதவுக் கண்ணாடி ஏன் மங்குகிறது? பட்டறைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

சேலம் சூரமங்கலத்தில் இரண்டு விஎம்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தைச் செதுக்கும் மெஷின்) வைத்து ஜாப் ஒர்க் செய்கிறோம். கதவுக் கண்ணாடியின் உட்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் காய்ந்ததும் மறுபடி வெளுக்கிறது. கூலன்ட் ஆயிலை (வெட்டும் இடத்தைக் குளிர்விக்கத் தண்ணீரில் கலந்து பாய்ச்சும் எண்ணெய்) வேறு கம்பெனிக்கு மாற்றலாமா?

ஆயிலை மாற்றும் முன் தண்ணீரைப் பாருங்கள். போர் தண்ணீர்தானே ஊற்றுகிறீர்கள்? உங்கள் பக்கம் மேக்னசைட் வெட்டியெடுக்கும் பூமி. அந்தப் பாறையில் ஊறி வரும் தண்ணீரில் மெக்னீசியம் இருக்கத்தான் செய்யும். அதுவும் கால்சியமும் சேர்ந்து கூலன்ட்டை இரண்டு விதமாகக் கெடுக்கும். எண்ணெயோடு கூடிப் பிசுக்காகத் திரளும். கண்ணாடியில் தெறித்துக் காய்ந்தால் உப்பாக நிற்கும்.

டேங்கிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு உள்ளேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்குத் தினமும் போர் தண்ணீரையே ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். புதுக் கூலன்ட் கலந்த வாரம் பளிச்சென்று இருக்கும் கண்ணாடி, போகப்போக மோர் தெளித்ததுபோல் ஆவது இதனால்தான்.

டாப்-அப்புக்காவது ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். வெறும் தண்ணீராக ஊற்றாமல் கொஞ்சம் ஆயில் கலந்தே ஊற்ற வேண்டும். முழு டேங்கையும் ஆர்ஓவில் கலந்தால் சில ஆயில்கள் நுரைக்கும். அதை டீலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கூலன்ட்டில் ஆயில் எத்தனை சதவீதம் என்று பார்க்க ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கிப் போடுங்கள். அதில் தெரியும் எண்ணை ஆயில் கம்பெனி கொடுத்திருக்கும் ஃபேக்டரால் பெருக்கினால்தான் உண்மையான சதவீதம். பொதுவான வேலைக்கு 5 முதல் 8 போதும். கூடினால் கண்ணாடி பிசுபிசுக்கும், குறைந்தால் துரு பிடிக்கும்.

ஏற்கெனவே படிந்ததை எடுக்கச் சமையல் வினிகர் போதும். மெஷினை நிறுத்திவிட்டு, வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, அதில் நனைத்த துணியைக் கண்ணாடிமேல் ஒட்டி ஐந்து நிமிடம் விடுங்கள். படிவு இளகி வரும். அப்புறம் நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடைத்துவிடுங்கள். கீழே பழைய துணி விரித்துக்கொள்ளுங்கள்; டேபிளிலோ, அது நகரும் தடமான வேயிலோ வினிகர் சொட்டினால் துரு வரும்.

ஓமலூரில் எங்கள் பையன்கள் தின்னர் போட்டுத் துடைக்கிறார்கள். உடனே பளிச்சென்று ஆகிறது. தொடரலாமா?

வேண்டவே வேண்டாம். நாம் கண்ணாடி என்று சொல்வது பெரும்பாலும் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் ஷீட். சில மெஷின்களில் உட்பக்கம் கண்ணாடியும் வெளிப்பக்கம் பாலிகார்பனேட்டும் இருக்கும். தின்னர், அசிட்டோன், பெட்ரோல், அமோனியா கலந்த கிளீனர் எது பட்டாலும் அந்த ஷீட்டில் நுண்ணிய வெடிப்பு விழும். பாத்திரம் கழுவும் லிக்விடை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, பழைய பனியன் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். துடைக்கும் முன் தண்ணீர் ஊற்றிச் சிப்ஸை (வெட்டி விழும் உலோகச் சீவல்) கழுவி இறக்க வேண்டும். ஜாப் (மெஷினில் வெட்டும் பீஸ்) துடைத்த பஞ்சு வேஸ்ட்டையே கண்ணாடிக்கும் எடுத்தால், அதில் ஒட்டிய இரும்புத் தூள் உப்புத்தாள்போல் கோடு இழுத்துவிடும்.

கண்ணாடியில் மஞ்சளாக, கையில் ஒட்டும் பிசின்போல் படிகிறது. எதனால்?

வே வழுக்கி நகர விடும் ஸ்லைடு-வே ஆயில் கசிந்து கூலன்ட்டில் மிதக்கிறது. மிதக்கும் எண்ணெயை வழித்தெடுக்கும் ஆயில் ஸ்கிம்மர் போடுங்கள். அது இல்லையென்றாலும் வழி உண்டு. ஞாயிறு முழுக்க மெஷின் நின்று எண்ணெய் மேலே திரண்டிருக்கும். திங்கள் காலை பம்ப்பைப் போடும் முன் வழித்தெடுங்கள்.

கொண்டலாம்பட்டியில் சிஎன்சி லேத் பட்டறை. கதவு ஷீட் முழுக்கக் கீறல். கம்பெனி ஷீட் விலை அதிகம். கண்ணாடிக் கடையில் அதே அளவுக்கு அக்ரிலிக் வெட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். போடலாமா?

கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 மி.மீ. சக் (ஜாபைக் கவ்விச் சுழலும் தட்டு), 3000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 3000 சுற்று). சக்கின் விளிம்பு நொடிக்குச் சுமார் 31 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதாவது மணிக்கு 113 கிலோமீட்டர். அங்கிருந்து ஒரு ஜாவோ (சக்கின் கவ்வும் பல்) ஜாபோ கழன்றால் அந்த வேகத்தில்தான் ஆபரேட்டரின் முகத்தை நோக்கி வரும். பாலிகார்பனேட் வளைந்து கொடுத்து அடியை வாங்கும். அக்ரிலிக் உடைந்து, அதன் சில்லுகளும் சேர்ந்து பறக்கும்.

நல்ல பாலிகார்பனேட்டே கூலன்ட்டும் எண்ணெயும் பட்டுப்பட்டு வருடக்கணக்கில் பலம் இழக்கும். பார்வைக்குத் தெளிவாக இருப்பதை நம்ப முடியாது. ஓரத்து ரப்பருக்குள் கூலன்ட் புகுந்திருக்கிறதா, மூலைகளில் முடிக்கோடுபோல் வெடிப்பு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மெஷின் கம்பெனி மேனுவலில் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கிறதோ, அப்போது மாற்றிவிடுங்கள். பாலிஷ் போட்டால் கீறலோடு மேல்பூச்சும் போய்விடும். சிக்கனம் பிடிக்க ஒரு பட்டறையில் எத்தனையோ இடம் உண்டு, இந்த ஷீட்டில் மட்டும் வேண்டாம்.

நான் அப்ரன்டிஸ். கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியவில்லை என்று கதவு திறந்திருந்தால் மெஷினை ஓடவிடாத டோர் சுவிட்சை சீனியர்கள் பைபாஸ் செய்துவிட்டார்கள். கதவைத் திறந்து வைத்தே ஓட்டச் சொல்கிறார்கள்.

தம்பி, ஓட்டாதீர்கள். முதல் பீஸைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் வழி இருக்கிறது. டூலை ஜாபிலிருந்து விலக்கி, ப்ரோக்ராமில் எம்09 (கூலன்ட் நிற்க), எம்05 (சுழலும் தண்டான ஸ்பிண்டில் நிற்க) கொடுத்து, அடுத்து எம்00 (ப்ரோக்ராம் நிற்க) போடுங்கள். கூலன்ட்டும் ஸ்பிண்டிலும் முழுதாக நின்ற பிறகு திறந்து பாருங்கள். ஓடும்போதே பார்த்தாக வேண்டிய வேலை என்றால், கூலன்ட்டை வீசி எறியும் சுழல் கண்ணாடி கிடைக்கிறது, கதவில் பொருத்தலாம். சுவிட்சைப் பழையபடி மாட்டச் சொல்லி இன்றைக்கே சூப்பர்வைசரிடம் கேளுங்கள். அவர் தட்டிக்கழித்தால் முதலாளியிடம் நேராகப் போய்ச் சொல்லுங்கள்.