ஆறு பேர் கொண்ட ரிமோட் வியூயிங் குழுவுக்கு எப்படிப்பட்ட நடைமுறை வேண்டும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து மண்டபத்தில் வாரம் ஒருமுறை கூடும் ஆறு பேர், யார் எதைச் செய்வது, எதை எப்படிப் பதிவது என்று எழுத்தில் ஒரு நடைமுறை கேட்டிருக்கிறீர்கள். ரிமோட் வியூயிங் என்பது, கண்ணுக்கு எட்டாத இடத்தையோ மறைத்துவைத்த படத்தையோ (அதுதான் இலக்கு) மனத்தால் மட்டும் உணர்ந்து சொல்ல முயல்வது. பெரும்பாலோர் அப்படி முயலும் பார்ப்பவருக்கான பயிற்சியில் தொடங்குவார்கள். எனக்கு முதலில் வருவது தகவல் கசியாமல் காப்பது. எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஒரு தோட்டப் பட்டணத்தில் அதுதான் கடினமான வேலை.

இதற்கு வரலாறே சாட்சி. 1972இல் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு ரிசர்ச் இன்ஸ்டிடியூட்டில் இயற்பியலாளர்கள் ரசல் டார்க், ஹரால்ட் புட்டாஃப் இருவரும், இந்த ஆற்றல் தனக்கு உண்டு என்று சொன்ன ஓவியர் இங்கோ ஸ்வானை வைத்து ஆய்வைத் தொடங்கினார்கள். 1978இல் உளவியலாளர்கள் டேவிட் மார்க்ஸ், ரிச்சர்ட் காமன் இருவரும் நேச்சர் இதழில் ஒரு குறையைக் காட்டினார்கள்: பார்வைக் குறிப்புகளிலேயே துப்புகள் கிடந்தன. முந்தைய நாள் இலக்கைப் பற்றிய ஒரு பேச்சு போதும், எந்தக் குறிப்பு எத்தனையாவது அமர்வுக்கு உரியது என்று மதிப்பிடுபவர் ஊகித்துவிடலாம். 1970களின் கடைசியிலிருந்து மேரிலாந்தின் ஃபோர்ட் மீடில் அமெரிக்க ராணுவம் இதே முறையை வைத்துத் தனிப் பிரிவே நடத்தியது. 1995இல் அதை ஆராய்ந்த குழு, எந்த உளவு நடவடிக்கையையும் வழிநடத்த இது பயன்படவில்லை என்று முடிவு செய்தது. ஆய்வுக்கூட எண்களில் ஏதோ இருக்கிறது என்று புள்ளியியலாளர் ஜெசிகா அட்ஸ் சொன்னார், உளவியலாளர் ரே ஹைமன் அதை ஏற்கவில்லை. இன்றுவரை அறிவியல் உலகம் ரிமோட் வியூயிங்கை நிரூபணமானதாக ஏற்கவில்லை. உங்கள் முடிவுகளை நீங்களே நம்புவதற்காவது நடைமுறை இறுக்கமாக இருக்க வேண்டும்.

ஆறு பேரில் ஒருவர் இலக்கு வைப்பவர், ஒருவர் அமர்வு நடத்துபவர், ஒருவர் மதிப்பிடுபவர், மற்ற மூவர் பார்ப்பவர்கள். ஒரு தொடர் முடியும் வரை யாரும் பொறுப்பை மாற்றிக்கொள்ளக் கூடாது. தொடருக்கு 20 அமர்வு என்று முன்கூட்டியே எழுதி ஆறு பேரும் கையெழுத்துப் போடுங்கள். நன்றாகப் போகிறது என்று 14இல் நிறுத்துவதும், சரியில்லை என்று 26க்கு இழுப்பதும் கணக்கைக் கெடுத்துவிடும்.

இலக்குத் தொகுப்புக்கு 60 படங்கள் போதும். 4R அளவில், ஒரே கடையில், ஒரே தாளில் அச்சடித்து, ஐந்து ஐந்தாக 12 தொகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு தொகுதிக்குள் இருக்கும் ஐந்தும் ஒன்றுக்கொன்று முழுக்க வேறுபட வேண்டும்: பினாங்குப் பாலம், கேமரன் மலைத் தேயிலைச் சரிவு, ஒரு மணல் பாலைவனம், தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரம், ஒரு மீன் சந்தை என்பது போல. இரண்டு பாலங்கள் ஒரே தொகுதியில் இருந்தால் மதிப்பிடுபவர் தடுமாறுவார். உள்ளூர்ப் படங்கள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். தைப்பூசம் முடிந்த வாரத்தில் யாரைக் கேட்டாலும் "உயரம், படிகள், கூட்டம், மஞ்சள் நிறம்" என்றுதான் சொல்வார்கள். பத்துமலையின் 272 படிகள் அந்தத் தொகுதியில் இருந்துவிட்டால் அது வெற்றி போலத் தெரியும். உங்கள் குழு வழக்கமாகப் போய்வரும் கோயில், ஆலை, பாசார் மாலாம் (இரவுச் சந்தை) திடல் ஆகியவற்றின் படங்களே வேண்டாம்.

இலக்கு வைப்பவர் 20 அமர்வுக்கும் வேண்டியதை வீட்டில் ஒரே மூச்சில் தயார் செய்துவிட வேண்டும். 12 தொகுதிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இரண்டு பகடைகளைப் போட்டுக் கூட்டாதீர்கள். 7 அடிக்கடி விழும், 2உம் 12உம் அரிதாக விழும், 1 விழவே விழாது. ஒரு காசு, ஒரு பகடை என்று வைத்துக்கொள்ளுங்கள்: காசின் ஒரு பக்கம் விழுந்தால் பகடை எண் அப்படியே, மறுபக்கம் விழுந்தால் அதோடு 6ஐக் கூட்டவும். பிறகு படத்துக்காக மறுபடி பகடை, 6 விழுந்தால் திரும்பப் போடவும். ஒரே படம் இரண்டு முறை வந்தால் வரட்டும், விலக்காதீர்கள். விலக்கினால் "அது முடிந்துவிட்டது, இனி வராது" என்ற துப்பு எல்லார் மனத்திலும் உட்காரும்.

படத்தை உறைக்குள் போட வேண்டாம். தொகுதி எண்ணும் பட எண்ணும் எழுதிய ஒரு துண்டுத் தாளை அலுமினியத் தாளில் மடித்து, பழுப்பு உறையில் ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் குறுக்காகக் கையெழுத்துப் போட்டால் போதும். பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள், எழுத்து தெரியக் கூடாது. உறைமேல் எட்டு இலக்க எண் ஒன்று இருக்கட்டும். அதில் தேதியோ தொகுதி எண்ணோ ஒளிந்திருக்கக் கூடாது. உறைகள் அவர் வீட்டு அலமாரியில் பூட்டியிருக்கட்டும். நடத்துபவருக்கு எட்டு இலக்க எண்கள் மட்டும் போகும். மதிப்பிடுபவருக்கு எந்த எண்ணுக்கு எந்தத் தொகுதி என்ற பட்டியலும் 60 படங்களும் போகும். அமர்வு நாளில் இலக்கு வைப்பவர் மண்டபத்துப் பக்கமே வரக் கூடாது, பக்கத்து ஒட்டுக்கடையில் தே தாரிக் குடிக்கக்கூட.

அமர்வைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகல் மழை தகரக் கூரையில் விழத் தொடங்கினால் கேள்வியும் கேட்காது, பதிலும் கேட்காது, "தண்ணீர், இரைச்சல்" என்று குறிப்பிலும் புகுந்துவிடும். செம்பனை ஆலையின் வாடையும் அப்படித்தான். அதனால் தொடங்குமுன் பார்ப்பவர் அப்போதைய தொந்தரவுகளை (தலைவலி, பசி, வாடை, வீட்டுக் கவலை) முகப்புத் தாளில் எழுதி ஒதுக்கிவைக்க வேண்டும். பெயர், தேதி, நேரமும் அந்தத் தாளில் மட்டும். குறிப்புத் தாள்களில் எட்டு இலக்க எண்ணும் பக்க எண்ணும் தவிர வேறெதுவும் வேண்டாம். மார்க்ஸும் காமனும் காட்டிய ஓட்டையை அடைக்க இது ஓர் எளிய வழி.

வெள்ளை ஏ4 தாள், கறுப்புப் பேனா, 25 நிமிடம். நடத்துபவர் எண்ணை வாசித்த உடனே பார்ப்பவர் யோசிக்காமல் ஒரு கோடு கிறுக்குவார். அந்தக் கிறுக்கல் நிலமா, நீரா, கட்டடமா என்ற முதல் உணர்வை எழுதுவார். அடுத்து நிறம், சொரசொரப்பு, சூடு, மணம், ஒலி. அதன் பிறகு உயரம், அகலம், கனம், கடைசியில் படம் வரைதல். களிமண்ணில் உருவம் பிடிப்பது பழகியவர்களுக்கு, முதல் தொடரில் தேவையில்லை. பெயர்ச்சொல் வந்தால்தான் ஆபத்து. "பாலம்" என்று மனம் சொன்ன கணமே அடுத்து வருவதெல்லாம் பாலமாகவே இருக்கும். அதை வலது ஓரத்தில் "ஊகம்" என்று எழுதி, பேனாவைக் கீழே வைத்து, மூச்சு விட்டு, மறுபடி தொடங்க வேண்டும்.

நடத்துபவருக்கும் இலக்கு தெரியாது, ஆனாலும் அவர் குரல் வழிகாட்டிவிடும். "இன்னும் சொல்லுங்கள்", "அதன் மேற்பரப்பு எப்படி?" என்று கேட்கலாம். "உயரமா?" என்று கேட்கக் கூடாது. முடிந்ததும் எல்லாப் பக்கங்களையும் கைபேசியில் படம் எடுத்து உடனே ஆறு பேர் குழுவுக்கு வெளியே உள்ள ஒருவருக்கு அனுப்புங்கள், நேரமுத்திரை சாட்சியாக நிற்கும். பிறகு வார்த்தை சேர்த்தால் அந்த அமர்வு செல்லாது.

மதிப்பிடுபவர் அந்தத் தொகுதியின் ஐந்து படங்களையும் கலைத்து வைத்து, குறிப்போடு பொருத்தி 1 முதல் 5 வரை தரவரிசை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உறை திறக்கும். அதன் பிறகே பார்ப்பவருக்குப் படத்தைக் காட்டலாம். சும்மா குருட்டாம்போக்கில் பொருத்தினாலும் 20இல் சராசரியாக 4 முறை முதலிடம் சரியாக விழும். 8 அல்லது அதற்கு மேல் விழ நூற்றுக்கு மூன்று வாய்ப்பு உண்டு. ஆகவே 6 வந்ததற்குக் கொண்டாட வேண்டாம். "கோடு பொருந்துகிறது, நீலம் பொருந்துகிறது" என்று திறந்த பிறகு தேடுவது மதிப்பீடே ஆகாது.

மூன்று பேரும் ஒரே இலக்கைப் பார்த்தால் அதை மூன்று வெற்றியாக எண்ணக் கூடாது. முந்தைய நாள் ஊர்த் திருவிழா என்றால் மூவர் மனத்திலும் விளக்கும் மேளமும்தான் ஓடும், மூவரும் சேர்ந்தே சரியாவார்கள் அல்லது சேர்ந்தே தவறுவார்கள். ஒன்று, ஆளுக்கு ஒரு தனி இலக்கு கொடுங்கள். இல்லையென்றால் மூன்று குறிப்புகளையும் சேர்த்து மதிப்பிடுபவர் ஒரே தரவரிசை எழுதட்டும், அது ஓர் அமர்வு.

குழு இருப்பது வெளியே தெரிந்தால் இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். நாலு நம்பர் லாட்டரிக்கு எண் கேட்பவர்களுக்கு நேராகச் சொல்லுங்கள்: எழுத்தையும் எண்ணையும் வாசிப்பதுதான் இந்த முறையில் மிகவும் பலவீனமான பகுதி என்று இதில் பழகியவர்களே சொல்கிறார்கள், 10,000 எண்களில் ஒன்றை இதை வைத்து எடுக்க முடியாது. நகை காணவில்லை, பிள்ளை காணவில்லை என்று வருபவர்கள் விஷயம் கனமானது. "மெலிந்த ஆள், தகர வீடு" என்று ஒரு பார்ப்பவர் எழுதியது லயத்தில் பரவினால், அந்த அடையாளத்துக்குள் வரும் அப்பாவி மேல் பழி விழும், அதைத் துடைக்க உங்களால் முடியாது. காணாமல் போனவர் என்றால் அன்றே போலீஸ் நிலையத்தில் புகார் கொடுக்கச் சொல்லி உடன் ஓர் ஆளை அனுப்புங்கள். அந்தக் கேள்வியை இலக்காக வைக்க யாருக்கும் அனுமதி இல்லை என்பதையும் ஆறு பேர் கையெழுத்துப் போடும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.